திரும்பிப் போன முதல் கப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதிக் கை பழகிவிட்டது, இந்தத் தடவை அதை எழுதாமல் விடுகிறேன். பயந்துவிடாதே, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. முகத்தில் மூக்கு பத்திரமாக இருக்கிறது, உனக்கும் அதையேதான் கொடுத்திருக்கிறார், ஆனால் அதனால் இப்போது கண்ணாடி மாட்டிக்கொள்வதைத் தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, போனில் உன்னோடு இருமிக்கொண்டே பேசினாரே, அது போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாக்கும் பாதி மரத்துவிட்டது. இதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. கடை அமோகமாக ஓடுகிறது என்று வாரா வாரம் உன்னிடம் சொன்னதெல்லாம் இந்த நிலைமையில் சொன்னதுதான்.

உன்னோடு வேலை செய்கிற பெண்கள் நம் தெருமுக்குக் காப்பிக் கடையைப் பற்றிக் கேட்கிறார்கள், கதையை விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லாமல் இதையும் சொல்ல முடியாது, அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். உன் கொள்ளுத்தாத்தா முதலில் இன்னொருவருடைய ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர். அந்த முதலாளி தினமும் அடுப்படியிலேயே நின்று தன் சரக்கைத் தானே தின்று தானே மெச்சிக்கொள்வாராம், கூட்டம் குறைந்தது ஏன் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவே இல்லை. அதைப் பார்த்த உன் கொள்ளுத்தாத்தா தனியாகக் கடை போட்டபோது ஒரே ஒரு வழக்கம் வைத்தார். அடுப்புப் பக்கத்துல நிக்கிறவனுக்கு அவன் செஞ்சது எல்லாமே மணக்கும், தெருவுல இருந்து வர்ற மூக்குதான் நிசம் சொல்லும் என்பாராம். அதனால் காலையில் முதல் காப்பி இறங்கியதும் முதலாளி பின்கதவால் வெளியே போய்த் தெருவைச் சுற்றிக்கொண்டு யாரோ மாதிரி முன்வாசல் வழியாக வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார வேண்டும். அவர் முன்னால் ஒரு கப் காப்பியும் சூடாக ஒரு பேஸ்ட்ரியும் வரும். நன்றாக இருந்தால் தலையாட்டுவார், கடை திறக்கும். இல்லாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார், சரியாக வருகிறவரை யார் வந்து நின்றாலும் கதவு திறக்காது. உன் தாத்தா காலத்தில் ஒரு பெரிய அதிகாரி பரிவாரத்தோடு வந்து நடைபாதையில் கால் மாற்றி மாற்றி நிற்க, உள்ளே கப் திரும்பத் திரும்ப அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறதே, அதுதான். அன்று பிடித்த பேர்தான் கடைக்கு. அதற்குப் பிறகு முதல் கப்பைப் பார்ப்பதற்கென்றே ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நிற்கத் தொடங்கியது. கப் திரும்பிப் போனால் ஐயோ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உடனே கை தட்டுவார்கள்.

இப்போது கேள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள்கூட கப் திரும்பிப் போகவில்லை. நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம் பாப்பா. காப்பி மாஸ்டர் தன் கைப்பக்குவம் உச்சிக்குப் போய்விட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். உன் அப்பா தினமும் வெளியே போய் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து, ஊர் பார்க்கத் தலையாட்டினார். கொட்டை வறுப்பது அவர்தானே, முன்பெல்லாம் வாசனை பிடித்து இறக்குவார், இப்போது அந்தப் பின்கட்டின் மங்கல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார், அது நாளுக்கு நாள் கருகிக்கொண்டே போயிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி ஏதோ புது ருசிக்கு மாற்றுகிறார் என்று மாஸ்டர் நினைத்திருக்கிறார். இவ்வளவு பழைய கடை தப்புப் பண்ணுமா, நம் நாக்கில்தான் கோளாறு என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். நுரை மட்டும் கூடுதலாகக் கேட்பாரே தச்சர், நுரைக்காரர், அவர் எல்லாமே கசக்கிறது என்று டாக்டரிடமே போயிருக்கிறார். டாக்டரும் நம் கடையில் குடிக்கிறவர்தானே, எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு, சுத்துவட்டாரத்துல ஏதோ பரவுதுன்னு நினைக்கிறேன் என்றாராம். நான் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்பாய். நீ வயிற்றில் இருந்தபோது காப்பி வாசனைக்கே குமட்டும், மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் பேஸ்ட்ரிக்கு மாவு உருட்டினேன், நீ பிறந்த பிறகும் அந்த வெறுப்பு போகவில்லை. காப்பிக் கடைக்கு வாக்கப்பட்டு வெந்நீர் குடிக்கிறவள் என்று உன் தாத்தா கடைசிவரை என்னைக் கேலி செய்தார்.

போன மாதம் ஒரு நாள் நான் முன்னால் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன், வெண்ணெய் தீய்கிற நாற்றம் குப்பென்று வந்தது. உள்ளே ஓடினால் உன் அப்பா பேஸ்ட்ரி அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், நிதானமாகக் கப்புகளைத் துடைத்து அடுக்குகிறார், ஏதோ பாட்டு வேறு முணுமுணுக்கிறார். அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தேன், தட்டு முழுக்கக் கரி. அவர் முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். எப்ப இருந்து என்று கேட்டேன். காய்ச்சலுக்கு அப்புறம் என்றார். அவ்வளவுதான் பேசினோம், பிறகு இரண்டு பேரும் தட்டைச் சுரண்டினோம். அன்றே கதவில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது என்று எழுதி மாட்டிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்கிறார், கூடவே தன் நாக்கில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. உன் அப்பாவோ, முதல் கப் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியாதவன் கடையைத் திறக்கக் கூடாது, எங்க தாத்தா போட்ட கடையை ஊரை ஏமாத்தி நடத்த மாட்டேன், ஏமாத்தின வரைக்கும் போதும், மூடிடலாம் என்றார். பாப்பாவுக்கு எழுதிடாதே, அங்க தர்றேன்னு சொல்லியிருக்கிற நிரந்தர வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா என்றும் சொன்னார். நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, காலியான கடைக்குள் அந்த ஜன்னலோரத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் குடித்துப் பார்க்கிறேன் என்றேன். சிரித்தார், பல நாளுக்குப் பிறகு சிரித்ததே பெரிது என்று நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். குடிக்காவிட்டால் என்ன, இத்தனை வருஷமாக உன் அப்பா சட்டையைத் துவைக்கிறவள் நான், வறுவல் சரியாக வந்த நாளில் அந்தச் சட்டை எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாதா. மறுநாள் அவரே வறுத்து அவரே போட்டார். நான் பின்கதவால் போய்த் தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தேன். கப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றார். ஒரு வாய் குடித்தேன். கரி. அவர் முகத்தைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். உடனே கப்பை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினார். வேணும்னேதான் கருக விட்டேன், எனக்குப் பொய் சொல்றதுக்குத்தான் ஊரே இருக்கே, நீயுமா என்றார். என்னை அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னேன், ஊரும் கடைமேல் வைத்த பாசத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது, அந்தப் பாசமே அவரைத் தனியாக விட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கடுத்த நாள் முதல் வாயிலேயே கப்பைத் தள்ளி வைத்தேன். எங்கே தப்பு என்று கேட்டார், சொன்னேன், போய் வறுத்தார். அடுத்ததையும் தள்ளினேன். குமட்டலோடு குமட்டலாகத் தினமும் குடித்துப் பழகினேன், இப்போது மதியம் ஆனால் நானே ஒரு கப் கேட்கிறேன், உன் தாத்தா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

இன்று காலை கடையைத் திறந்தோம். ஜன்னலுக்கு வெளியே நல்ல கூட்டம், நுரைக்காரர் முன்னால் நிற்கிறார். ஏன் மூடினோம் என்று உன் அப்பாவே வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார், எதையும் மறைக்கவில்லை. நான் சுற்றி வந்து உட்கார்ந்தேன், மாஸ்டர் கப்பை வைத்தார். காப்பியில் லேசாகக் கருகல், ஒரு பொட்டுத்தான், விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. உன் அப்பாவைப் பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். வெளியே ஐயோ என்றார்கள், பிறகு ஒரே கைதட்டல். உன் அப்பா கொட்டையை மறுபடி வறுக்க உள்ளே போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

இனி உன் சங்கதி. வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், அந்த நிரந்தர வேலையை ஒத்துக்கொள், இங்கே மூக்கும் நாக்கும் நானாகிவிட்டேன். ஆனால் போனில் நல்லா இருக்கேன்மா என்று நீ சொல்கிறாயே, கொஞ்ச நாளாக அது உன் அப்பா தலையாட்டியது மாதிரியே என் காதில் விழுகிறது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, யாராவது மனசை நோகடித்தார்களா, எதுவாக இருந்தாலும் இருக்கிறபடி எழுது. நாங்கள் தாங்கிக்கொள்வோம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, கண்ணாடியின் பவரை ஒரு தடவை பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. பதில் போட மறக்காதே. நலம் என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா