பெயர் சொல்லாத மேசை

திரெவிசோ, 20 பிப்ரவரி 1774

அன்புள்ள கணவருக்கு ஓர்சோலா எழுதுவது.

மாதாவின் தயவில் நானும் நம் பெத்தினாவும் என் அண்ணன் வீட்டில் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

போன வாரம் முகமூடித் திருவிழாவில், வெனிஸில் நீங்கள் சீட்டுப் போடும் சூதாட்ட மாளிகைக்கு வந்திருந்தேன். ஆட வருகிறவர்கள் எல்லாருக்கும் முகமூடி, எனக்கும்தான். சீட்டுப் போடும் ஏழைப் பிரபுக்களான நீங்கள் மட்டும் வெறும் முகத்தோடு. உங்கள் முகம் இளைத்திருக்கிறது. ஏழாம் சீட்டின்மேல் ஒரு காசு வைத்தேன், தோற்றது. "முகமூடி அம்மா, இன்னொண்ணு வைக்கிறீங்களா?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டீர்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காசை எந்தச் செலவில் எழுதுவதென்று தெரியாமல் தர்மத்தில் எழுதினேன்.

உங்கள் தாத்தா பாசெட் ஆட்டத்துக்கு உட்கார்ந்தார், நீங்கள் ஃபாரோ ஆட்டத்துக்கு. பாவத்துக்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. அந்த மேசையை விட்டு எழுந்து வாருங்கள். இங்கே உங்களுக்கு ஒரு தட்டு உண்டு.

ஓர்சோலா

வெனிஸ், 1 மார்ச்

என் ஓர்சோலா,

இருமல் அப்படியேதான் இருக்கிறது.

நீ உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது. காசு வைக்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்ட முகமூடி அங்கே வேறு யார்? "கோயில் உண்டியல்னு நெனச்சிட்டா போல" என்று பக்கத்தில் ஒருவன் சிரித்தானே, கேட்டாயா? ஆணோ பெண்ணோ, எல்லாரும் அங்கே முகமூடி அம்மாதான். பெயர் சொல்லி அழைத்தால் என் வேலை போய்விடும். இன்னொண்ணு வைக்கிறீங்களா என்றது, இன்னும் கொஞ்சம் இரு என்று கேட்டதுதான். உனக்குப் புரியவில்லை.

பிரபு குலத்தில் பிறந்தவன் கடை வைக்க முடியாது. எழுந்து வந்தால் உன் அண்ணன் சோற்றில்தான் கை வைக்கவேண்டும்.

உன் சக்கரியா

திரெவிசோ, 14 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

பெத்தினாவுக்கு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் காகிதம் விற்கிறவன், செபம் தவறாதவன்.

மாளிகையை மூடுவதா என்று பெருமன்றத்தில் வாக்கெடுக்கப்போவதாக இங்கே பேச்சு. ஏழையானாலும் பிரபு, உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டே. மூடச்சொல்லிப் போட்டுவிட்டுப் படகேறுங்கள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஓர்சோலா

வெனிஸ், 28 நவம்பர்

என் ஓர்சோலா,

நேற்று மூடச்சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. சீட்டுப் போடுகிறவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்கள்.

வாக்கு ரகசியம். மூடத்தான் போட்டேன் என்று எழுதியிருக்கலாம். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடவேண்டாம் என்றுதான் போட்டேன். சம்பளத்துக்காக இல்லை. திறந்திருந்தால் அடுத்த திருவிழாவிலும் நீ வந்து எதிரே உட்காருவாய் என்று நினைத்தேன். நீ பிரிந்துபோன இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒருநாள்தானே.

இப்போது மேசையும் இல்லை. சனிக்கிழமைப் படகில் வரட்டுமா?

சக்கரியா

திரெவிசோ, 5 டிசம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

பொய் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். உங்களுக்கும் தட்டுப் போட்டிருப்பேன்.

நான் அங்கே வந்தது உங்களைக் கூட்டிக்கொண்டு வர. நீங்களோ என்னை அங்கே வரவழைக்க வாக்குப் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்து அழுதேன். கோபத்தில் என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை வேண்டாம். ஜனவரி பதினாறாம் தேதி கல்யாணத்துக்கு வாருங்கள். பெத்தினாவை நீங்கள்தான் கோயிலுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போகவேண்டும். கறுப்பு அங்கியில் கிழிசல் இருந்தால் தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். விருந்தில் அண்ணன் பக்கத்தில் இடம் போட்டிருக்கிறேன்.

ஆற்றில் காற்று அதிகம், கம்பளி எடுத்து வாருங்கள். மாலைப் படகில் திரும்பிப் போக உங்களுக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

செபத்தில் உங்களை மறவாத
ஓர்சோலா