வெல்க்ரோ பட்டை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையை அம்மா எடுத்துப் போய்விட்டாள். டேப்லெட்டைப் பால் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சார்ஜர் மறந்தாச்சு.

ஆத்தோரத் தெருவில் குழந்தைகள் வளர்ச்சிக் கணக்கெடுப்பு. பதில்களைப் போட்டால் டேப்லெட் பச்சையோ சிவப்போ காட்டும். எல்லா வீட்டிலும் பச்சைதான் வந்தது, கடைசி வீடு தவிர. சுமதி அக்கா வீடு. அக்காவுக்கு ஷூ கம்பெனியில் தையல், இன்று லீவு. வீட்டுக்காரர் லாரியில், வந்தால் உண்டு. பையனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் பேச்சு இல்லை. முகம் பார்ப்பதில்லை. மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறான்.

கேள்வி: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா?

அக்கா சிரித்தார். "அந்தப் பேர நான் எப்பிடிம்மா சொல்றது? மாமனார் பேரு."

நாத்தனார் கஸ்தூரி அக்காதான் பகலில் பையனைப் பார்த்துக்கொள்கிறார். உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நானும் சொல்ல மாட்டேன். எங்கப்பா பேரு. அப்பான்னுதான் கூப்புடுவேன்."

சுமதி அக்கா 'குட்டி' என்கிறார். ஆக, முனுசாமி என்று இந்த வீட்டில் அவனை யாருமே கூப்பிட்டதில்லை. கேள்வி எழுதினவங்களுக்கு இது எப்படித் தெரியும்.

நானே கூப்பிட்டேன். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெரியவர் பேரைக் கத்த வெட்கமாக இருந்தது. முனுசாமி. குட்டி. அப்பா. எதற்கும் திரும்பவில்லை. அவன் கண் பின்வாசலில். அங்கே தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி அக்கா: "ஊமைன்னு எழுதிடாத. எங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு. அப்புறம் வாய மூடவே இல்ல."

சிவப்பு வந்தது. வேலூர் மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. சேறு. செருப்பு வார் அறுந்தது.

வேலூர் மையத்து மேடத்துக்குப் போன் பண்ணினேன். பேச வேண்டியதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் நாக்கு குளறும். "காது டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம தேதி குடுக்க சிஸ்டம் விடாதும்மா." காது டெஸ்ட் பண்ணும் இடத்தில் கேட்டேன். "மையத்துல டாக்டர் பாத்து எழுதித் தரணும்." இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மாநிலம் முழுக்க இனி ஒரே சிஸ்டம், யாரும் அலைய வேண்டாம் என்று பயிற்சியில் சொன்னபோது நானும்தான் கைதட்டினேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனால், பையன் தெருக்குழாயடியில். கஸ்தூரி அக்கா காயப்போட்ட துணியை எடுக்கப் போன நேரத்தில் கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டானாம். தலையில் தண்ணீர் கொட்டுகிறது, கண்ணை மூடவே இல்லை. பின்னால் தோல் லாரி ஹார்ன் அடித்தது. அசையவில்லை. இழுத்தால் வீல் என்று அலறல்.

சுமதி அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்தார். கத்தவில்லை. வீட்டுக்குள் போய், கதவோர ஆணியில் மாட்டியிருந்த ஒரு பட்டையை எடுத்து வந்து பிரித்தார். சரக்.

திரும்பினான். நேராக நடந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

வெல்க்ரோ. "கம்பெனிலருந்து ஒரு நூலு கூட வெளிய வராது, கேட்ல தடவிப் பாப்பாங்க. இது ரோட்ல கெடந்த பிஞ்ச ஷூல எடுத்தது. வேற பட்டைக்கு மயங்க மாட்டான், இதுக்குத்தான்."

கஸ்தூரி அக்கா: "வெச்சது எங்கப்பா பேரு. திரும்பறது செருப்புக்கு."

எல்லாரும் சிரித்தோம். காது கேட்கிறது அவனுக்கு. இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 9, ஞாயிறு

ராத்திரி பூரா கொட்டியது. பாலாற்றில் தண்ணீர். ஊரே போனைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போகிறது. அப்பாவும் போனார், தோல் பதனிடும் தொட்டி வேலையில் வெளுத்த கையை அதில் நனைத்துவிட்டு வந்தாராம்.

எனக்கு அக்கா வீட்டு நினைப்புதான். போனேன். பின்வாசலில் நின்றாலே ஆற்றுச் சத்தம். பையன் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"நேத்துலருந்து இப்பிடித்தான். சோறும் வாணாங்கறான்."

மேலே புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். கஸ்தூரி அக்கா: "எட்டாது. முக்காலிய ஒளிச்சி வெச்சிட்டேன்." பையன் அண்ணாந்து அந்தத் தாழ்ப்பாளையே பார்த்தான். மனுஷங்க முகத்தை இப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் லீவு போட முடியாதா என்று கேட்டேன். "லீவு போட்டா லைன்ல வேற ஆளு உக்காந்துடும்மா."

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். ஆனால் ஆறு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

நாளை வேலூரில் மீட்டிங். மேடத்துக்குக் காட்ட வீடியோ எடுத்தேன். பையன் திரும்புவது தெரிகிறது. எதற்குத் திரும்பினான் என்பது ஆற்றுச் சத்தத்தில் கேட்கவே இல்லை. இன்னொன்று, இன்றைக்கு முதல் தடவை பிரித்ததும் அவன் திரும்பவில்லை. திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது.

பட்டையை ஒரு நாள் தருவீங்களா அக்கா, மேடம் எதிரிலேயே பிரித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"பட்டைய குடுத்துட்டு நான் இன்னாத்த வெச்சி கூப்புடறது?" கஸ்தூரி அக்கா. "எங்கப்பா பேர சொல்லியா?"

சுமதி அக்கா ஆணியிலிருந்து எடுத்துத் தந்தார். "ஒரு நாள்தான அண்ணி. கதவு போட்டுதான கெடக்கு."

நவம்பர் 12, புதன். பஸ்ஸில்

மேடம் எதிரில் பட்டையைப் பிரித்தேன். மீட்டிங்கில் எல்லாரும் திரும்பினார்கள். எழுதி வைத்ததைப் பார்க்காமலே பேசி முடித்தேன். மேடம் யார் யாருக்கோ போன் பண்ணினார். வர்ற திங்கள் தேதி கிடைத்துவிட்டது, காது டெஸ்டும் அன்றைக்கே. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

போனில் மிஸ்டு கால்கள். சுமதி அக்கா. இந்நேரம் ஷிஃப்ட்டில் இருக்கணும். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் கைக்கு வரும்.

திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. பஸ் ஏறினேன்.

பள்ளிகொண்டா டோல்கேட். லைன் நீளம். இப்போதுதான் எடுத்தார்கள், பக்கத்து வீட்டு அம்மா. "கொடத்த கவுத்து மேல ஏறி தாப்பாள தொறந்துகினு வெளிய பூட்டான்மா. எல்லாரும் ஆத்தாண்ட தேடறாங்க." அவர் பின்னால் தண்ணீர் இரைச்சல். அதற்கும் மேலே இரண்டு குரல், விட்டு விட்டு. முனுசாமி. முனுசாமி. சுமதி அக்காவும் கஸ்தூரி அக்காவும்.

போனை வாயருகே பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போடுங்க, அவன் காதுக்குக் கேக்கற மாதிரி ஆத்துப் பக்கம் தூக்கிப் பிடிங்க என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பட்டையைப் பிரித்தேன். ஒட்டிப் பிரித்தேன்.

"இன்னாம்மா கரகரங்குது, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டார்.

மறுபடி அடிக்கிறேன். மணி போகிறது. பஸ் நகரவில்லை.