மறுமுனையில் ஆள் உண்டு

அனுப்புநர்
முதுநிலை ஆய்வாளர்,
ரேடியோ தொலைநோக்கி நிலையம்,
குடியிருப்பு எண் 2.

பெறுநர்
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசித் துறை.

பொருள்: குடியிருப்பு எண் 2-இன் தரைவழித் தொலைபேசி நான்கு மாதங்களாகச் செயலிழந்திருப்பது – புகார் மூன்று முறை முடித்துவைக்கப்பட்டது – பழுதையும் ஒரு முறை முடித்துவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் நேரில் அளித்த மூன்று புகார்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். குறு விண்மீன் மண்டலங்களைத் தேடுவது என் வேலை. இவற்றில் விண்மீன்கள் சொற்பம்; ஹைட்ரஜன் வாயுதான் மிகுதி. படம் எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். வாயு வெளியிடும் மிக மெல்லிய ரேடியோ அலையைப் பிடித்தால்தான் அங்கே ஒன்று இருக்கிறது என்று சொல்ல முடியும். அருகில் ஒரு கைப்பேசி விழித்திருந்தாலே அந்த அலை அமுங்கிவிடும். ஆகவே இங்கு கைப்பேசிக்கு அனுமதி இல்லை. எங்கள் கைப்பேசிகள் நுழைவாயில் காவலரின் இரும்புப் பெட்டியில் அணைந்து கிடக்கின்றன. வெளியுலகோடு பேச எனக்கு இருப்பது தங்கள் துறையின் கம்பி ஒன்றுதான்.

2. முதல் புகாரைத் தங்கள் நகர அலுவலகத்தில் கொடுத்தேன். கைப்பேசி எண் இல்லாமல் புகாரை வாங்க முடியாது என்றார் அலுவலர். நிலைமையை விளக்கினேன். "எழுதி வைங்க மேடம், யாரு கூப்பிடப் போறா" என்றார். எழுதினேன். பெட்டிக்குள் கிடக்கும் அந்தக் கைப்பேசியைச் சொல்லிவைத்தாற்போல் அழைத்துப் பார்த்துவிட்டு, "சந்தாதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை" என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

3. இரண்டாம் புகாரில், கைப்பேசியை அழைக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதினேன். தங்கள் ஊழியர்கள் அதை மதித்தார்கள். எந்தத் தொலைபேசி பழுதோ அந்த எண்ணையே அழைத்தார்கள். மணி போகிறது, எடுப்பவர் இல்லை என்று முடித்தார்கள். இதைக் கேட்டு எங்கள் காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கு வர்ற ஒரே போன் மேலேர்ந்துதான் மேடம்" என்று வானத்தைக் காட்டினார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். தினமும் அப்படி வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

4. அந்தத் தொலைபேசியில் நான் பேசுவது என் தந்தையோடு. செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரையும் ஒரு ஜோடியோடு அனுப்பிவைக்கும் வாய் அவருக்கு. என் வேலையைப் பற்றி அவர் புரிந்துகொண்டது, மகள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்பதுதான். குறு மண்டலம் அவர் வாயில் குட்டி ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் முதல் கேள்வி, "நம்ம குட்டி கிடைச்சுதாம்மா?" சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இப்போது என் அக்கா வீட்டில் இருக்கிறார். பேச்சு போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பை நாங்கள் விடவில்லை. நான் பேசுவேன். வெகுநேரம் கழித்து அங்கிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதற்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியப் பழகிய காது வேண்டும். அந்தக் காது எனக்கு உண்டு. சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன்.

5. ஜீப்பில் நகரத்துக்கு வரும் நாளில் கைப்பேசியில் பேசிக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலர் கேட்டார். நியாயமான கேள்வி. பேருந்து நிலையத்திலும், மருந்துக் கடை வாசலிலும், வங்கியின் மாடிப்படியிலும் நின்று பேசிப் பார்த்தேன். என் குரல் அவருக்குப் போயிருக்கும். அவருடைய "ம்" எனக்கு வரவில்லை. ஹாரன் சத்தம்தான் வந்தது. நிலையக் கணினியில் மின்னஞ்சல் மட்டும் உண்டு. என் தந்தைக்கு இப்போது எழுத்தும் பிடிபடுவதில்லை. நேரில் போகலாம் என்றால், பக்கத்துக் குடியிருப்பு ஆய்வாளர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை எனக்கு விடுப்பு இல்லை.

6. மூன்றாம் புகாருக்கு லைன்மேன் நேரிலேயே வந்தார். அதற்கு நன்றி. நான் அப்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். அவர் நுழைவாயிலுக்கு வெளியே உள்ள இணைப்புப் பெட்டியில் தம் கருவியை மாட்டி, நான் புகாரில் எழுதியிருந்த அக்கா வீட்டு எண்ணை அழைத்திருக்கிறார். அங்கே எடுத்திருக்கிறார்கள். "ஹலோ, ஹலோ" என்று நான்கைந்து முறை கூப்பிட்டுவிட்டு, "லைன் சரி. மறுமுனையில் ஆள் இல்லை" என்று எழுதிப் போய்விட்டார். பெட்டிவரை லைன் சரிதான். பெட்டிக்கும் என் வீட்டுக்கும் நடுவில்தான் கம்பி அறுந்திருக்கிறது.

அக்கா அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது அப்பா மேசையருகே நின்று, ரிசீவரை இடது கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாராம். கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் அவர் தனியாக நடந்தது அதுவே முதல் முறை. "வாங்கப் போனா குடுக்கவே மாட்டேங்கிறார். போன் பண்ணது நீதானேடி?" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தாள். நான் இல்லை ஐயா.

7. சென்ற வாரம் ஒரு குறு மண்டலம் உறுதியானது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லை என்று கைவிரித்த இடம் அது. ஒரு முறை கேட்டதோடு விட்டிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது இரைச்சல் தணிந்து அது மட்டும் நின்றது. பாராட்டு மின்னஞ்சல்கள் வந்தன. காவலர் கை குலுக்கினார். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை; அவள் வாயில் எதுவும் நிற்காது. "குட்டி கிடைச்சிருச்சுப்பா" என்று நானே சொல்லி, அதற்கு அவர் என்ன சத்தம் எழுப்புகிறார் என்று கேட்க வேண்டும். பக்கவாதம் இன்னொரு முறை வந்தால் அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு இங்கே மிகவும் தனிமையாக இருக்கிறது. மனுவில் எழுதக் கூடாத வாக்கியம்தான். அடித்துவிட மனம் வரவில்லை.

8. ஆகவே, முடித்த புகாரை மீண்டும் எடுத்து, அறுந்த கம்பியை விரைவில் சரிசெய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வேலை முடிந்த விவரத்தைப் போனில் தெரிவிக்க வேண்டாம். கதவைத் தட்டினால் போதும்.

9. சோதிப்பதற்காக லைன்மேன் மீண்டும் அக்கா வீட்டு எண்ணை அழைக்கக்கூடும். எடுத்தவர் பேசவில்லை என்றால், ஆள் இல்லை என்று எழுதிவிட வேண்டாம் என அவருக்கு அறிவுறுத்தவும். எடுப்பவர் என் தந்தை. "உங்க சின்னப் பொண்ணு வீட்டுலேர்ந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சற்றுக் காத்திருக்கச் சொல்லவும். "ம்" என்று வரும். வந்த பிறகு, லைன் சரி என்று எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டில்தான் இருக்கும்,
(ஒப்பம்)
சந்தாதாரர், குடியிருப்பு எண் 2.

இடம்: நிலையக் குடியிருப்பு
நாள்: 17, திங்கட்கிழமை