ஏரம்பர் அடிக்காத கொம்பியூட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முல்லைத்தீவில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

இணுவிலில் எங்கள் விவசாயச் சங்கக் கந்தோரில் ஒரு சின்னச் சண்டை. பழைய கொம்பியூட்டர்களை மூலையில் தள்ளிவிட்டு, பதிவு எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இணையம் நின்றதும் பதிவைப் பார்க்க வழியில்லாமல் யாருக்கும் பூச்சிமருந்து கொடுக்க முடியவில்லை.

"வெங்காயத்தைப் புழு தின்னுது பிள்ளை, மருந்தைத் தா" என்றார் ஏரம்பர்.

"லைன் இல்லை ஐயா, நாளைக்கு வாங்கோ" என்றேன். முதல்நாளும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அவர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மண்வெட்டியால் புதிய திரைகளை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினார். கண்ணாடி என் முகத்தில் தெறித்தது. தடுக்கப் போன வலக்கையில் ஓர் அடி விழுந்தது. எலும்பில் சின்ன வெடிப்புத்தானாம். பிறகு மூலைக்குப் போய் ஓங்கியவர், பழைய கொம்பியூட்டரில் ஆயுத பூசைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டைக் கண்டு நின்றுவிட்டார்.

"பூசை வைச்சதிலை கை வைக்கேலாது" என்று மண்வெட்டியைக் கீழே போட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் துணிந்து வந்து, அவரை நிலத்தில் தள்ளி மிதித்தார்கள். வாயால் இரத்தம் வரும்வரை மிதித்தார்கள்.

போனில் கதைத்தால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இடக்கை எழுத்து, கோணலாக இருக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்புங்கள். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் வருகிறது.

ஒற்றைக் கையால் தலை பின்ன முடியவில்லை அம்மா. பின்னலை வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

உங்கள் மகள்
உதயகலா