அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது

நொய்கெல்ன், பேர்லின்
03.11.2024

என் செல்ல மகள் தேனுஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். போனில் கதைத்தால் நான் அழுகிறேன், நீ கத்துகிறாய், ஆகவே இனிக் கடிதம்தான் என்று சட்டம் போட்டுவிட்டாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, எனக்கு நல்லாய் வேண்டும்.

அப்பா எங்களை விட்டுப் போய்ப் பதினாறு மாதம், நீ போய் ஏழு மாதம். விடிய ஐந்து மணிக்குப் போய் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பதினொரு மணிக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தம் இல்லை. தபால்பெட்டி மட்டும் நிரம்பி வழிகிறது. காப்புறுதிக்காரர், மின்சாரக்காரர், வீட்டு நிர்வாகம், எல்லோரும் ஜெர்மனில் எழுதுகிறார்கள். ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டின் வாய் நீதான். டொக்டரிடம் எனக்காகக் கதைத்தவள் நீ, அப்பாவின் விண்ணப்பப் படிவம், அன்ட்றாக் அத்தனையையும் நிரப்பியவள் நீ. இப்போது வாயைக் கழற்றிக்கொண்டு ஜப்பானுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போய்விட்டாய்.

தபோதரன் அண்ணையின் கடையில் கறிவேப்பிலை வாங்கும்போது, "பிள்ளை எப்ப வாறா?" என்று கேட்டார். "பங்குனியோட ஒரு வருஷம் முடியுது அண்ணை, வந்திடுவாள்" என்றேன். அப்படித்தானே சொல்லிப் போனாய்?

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா


அகிதா, ஜப்பான்
24.11.2024

அன்பான அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். மத்தியானம் பிள்ளைகளோடு வகுப்பிலேயே சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒருவரும் மிச்சம் விடக்கூடாது. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் சமையல்காரப் பெண் எனக்கு மட்டும் ஒரு முட்டை அவித்து அனுப்புகிறார். அதைப் பள்ளிக்கூடத்தின் எண்பத்து நான்கு பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் பாட்டுப் போடுவார்கள். உடனே எல்லோரும், தலைமையாசிரியர் உட்பட, துணியை நனைத்துக்கொண்டு முழங்காலில் நின்று நிலம் துடைக்கிறோம். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. உங்கள் வேலையை நான் ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை, நீங்களும் சொல்ல விட்டதில்லை. இங்கே அதை ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருப்பதில்லை. நின்றுகொண்டே வருவார்கள், பார்த்தால் சிரிப்பார்கள். பழகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இங்கே ஒரு கடிதமும் வாசிக்கத் தெரியாது. காஸ் பில்லா, எச்சரிக்கையா, ஒன்றும் விளங்காது. எல்லாவற்றையும் பையில் போட்டு உப தலைமையாசிரியர் ஹொரிகாவாவிடம் கொண்டுபோவேன். அவர் சிவப்புப் பென்சிலால் திகதியைச் சுற்றி வட்டம் போட்டுத் தருவார். அதுவரை அவருடைய முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் வாசிக்கும்போது நீங்களும் சன்னலைத்தான் பார்ப்பீர்கள். அது எனக்கு இப்போதுதான் விளங்கியது, அம்மா.

அன்புடன்,
தேனுஜா


நொய்கெல்ன்
15.12.2024

என் பிள்ளைக்கு,

நிலம் துடைக்கிறாயா? உன் கையில் துணி படக்கூடாது என்றுதானே நான் இருபத்தாறு வருஷம் துடைத்தேன். வாசித்துவிட்டுக் கோபத்தில் கடிதத்தை மேசையில் எறிந்தேன், பிறகு கடைசிப் பந்தியைத் திரும்பவும் நாலு தரம் வாசித்தேன்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் மாற்ற வருகிறோம், வீட்டில் நில்லுங்கள் என்று நிர்வாகம் மூன்று கடிதம் போட்டதாம். நான் மூன்றையும் உனக்காக எடுத்து வைத்திருந்தேன். நாலாவது மஞ்சள் உறையில் வந்தது. மேல்மாடிச் சுஜானி வாசித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, இனியும் கதவு திறக்காட்டி வீட்டை விட்டு எழுப்புவினமாம்" என்றாள். அவள் நல்ல பிள்ளை, போன் போட்டு டெர்மின் கேட்டு, அவர்கள் வர வேறொரு நாள் எடுத்துத் தந்தாள். ஆனால் எத்தனை நாளைக்கு மற்றவர் பிள்ளையிடம் போய் நிற்பது? அவளுக்கும் பல்கலைக்கழகப் பரீட்சை இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, தேனு. ஒளித்து என்ன, சொல்லிவிடுகிறேன். கதவு மணி அடித்தால் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஆள் இல்லாத மாதிரி இருக்கிறேன். பங்குனிக்கு இன்னும் மூன்றரை மாதம். வந்துவிடு.

அம்மா


அகிதா
13.01.2025

அன்பான அம்மாவுக்கு,

கூரை வரைக்கும் பனி. விடுமுறையில் செந்தாய் நகரத்துக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் இனிப்புக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வெறுங்கையோடு போய் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இங்கே ஏச்சு. அடுத்த சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ரயிலில் திரும்பவும் போய், முப்பத்தொரு பேருக்கும் வாங்கி வந்தேன். ஹொரிகாவா எழுந்து நின்று வாங்கினார்.

அம்மா, இனி எழுதப்போவதை இருந்துகொண்டு வாசியுங்கள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மாசி முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடப்போகிறேன்.

உங்களில் அன்பு இல்லாமல் இல்லை. எனக்கு முப்பது வயது. அதில் இருபத்தொரு வருஷம் உங்கள் இருவருக்காகவும் கதைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இனி மருந்து இல்லை என்று டொக்டர் ஜெர்மனில் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். அந்த வசனம் இன்னும் என் வாயில் கிடக்கிறது. இங்கே நான் ஒருவருக்காகவும் கதைக்க வேண்டியதில்லை. நான் இங்கே மூச்சு விடுகிறேன். தயவுசெய்து என்னை விடுங்கள்.

தேனுஜா


நொய்கெல்ன்
30.01.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி இருந்துகொண்டுதான் வாசித்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் விருப்பம். குழாய் மாற்றிவிட்டார்கள், தண்ணீர் நன்றாக வருகிறது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கிலிஷில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தது. உன் பழைய வேலைக் கடதாசியில் சுஜானி பார்த்துச் சொன்னாள். சும்மா, தெரிந்து வைத்திருக்கத்தான்.

அம்மா


அகிதா
23.02.2025

அம்மா,

பத்தாம் திகதி தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹொரிகாவாவும் இருந்தார். மேசையில் ஒரு இங்கிலிஷ் கடிதம் கிடந்தது. இரண்டு பேரும் எழுந்து தலை குனிந்தார்கள். பிறகு வாசிக்கத் தந்தார்கள். உங்களுக்குக் கான்சராம். வைகாசி வரைக்கும்தானாம். மகளுக்குத் தெரியாதாம். தெரிந்தால் தாங்க மாட்டாளாம். அவள் கையெழுத்துப் போட வந்தால் தயவுசெய்து வாங்காதீர்களாம்.

அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். தாய் எழுதினால் நம்பாமல் என்ன செய்வார்கள்? போக விடுங்கள் என்று நான் மனம் நொந்து கேட்கத் தேவையில்லாமல், என் இடத்துக்கு முதல் நாளே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்து இரவு பகலாக ஓடியிருக்கிறார்கள்.

மூன்று நாள் உங்களுக்குப் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக் கழிவறையில் வாந்தி எடுத்தேன். திரும்பவும் ஒரு டொக்டர் முன்னால் இருந்து, அந்த வசனத்தைத் திரும்பவும் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, படுக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் சுஜானியின் நம்பரைத் தேடி எடுத்தேன். அவள் அழுதாள். "அக்கா, அன்ரிக்குக் கான்சரும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை. அவதான் அப்பிடி எழுதச் சொன்னவ" என்றாள்.

இதற்குள் உங்களுக்குக் கான்சர் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. நோயாளிக்காக ஆயிரம் கடதாசிக் கொக்கு மடித்தால் சுகம் வரும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. பேஸ்போல் விளையாடுகிற பெரிய பையன்கள் தடித்த விரல்களால் மடிக்கிறார்கள். நான் உண்மை அறிந்த அன்று அறுநூறு முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஒருவேளை வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் என் அம்மா பொய் சொன்னார் என்று ஆசிரியர் அறையில் முப்பத்தொரு பேருக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். எனக்கு அது ஏலாது.

கொக்கு ஆயிரமும் முடிந்துவிட்டது, நாளைக்குப் பெட்டியில் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். பதில் வேண்டாம்.

தேனுஜா


நொய்கெல்ன்
07.03.2025

என் தங்கப் பிள்ளைக்கு,

பெட்டி நேற்று முன்தினம் வந்தது. திறந்தேன். நூலில் கோத்த ஆயிரம் கொக்கு, ஒவ்வொரு நிறத்திலும். மேலே ஒரு அட்டையில் பிள்ளைகளின் பெயர்கள். எண்பத்து நான்கு பிள்ளைகளை நான் ஏமாற்றியிருக்கிறேன். நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

நான் செய்தது பாவம். போன் அடிக்க அடிக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கத் துணிவு வரவில்லை. நீ வந்தால் போதும், வந்தபிறகு காலில் விழுந்து சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நீ அங்கே வாந்தி எடுப்பாய் என்று நினைக்கவில்லை. என்னை மன்னிக்காதே, ஆனால் வெறுக்காதே.

ஒன்று செய்திருக்கிறேன். இதையாவது சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். நேற்றே சுஜானியிடம் கெஞ்சி, உன் தலைமையாசிரியருக்கு உண்மையை எழுதிப் போட்டுவிட்டேன். எனக்கு ஒரு நோயும் இல்லை, நான்தான் பொய் எழுதினேன், என் மகளுக்கு ஒன்றும் தெரியாது, அவளுடைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று. சுஜானி, "அக்காட்டை ஒருக்கா கேட்டிட்டு அனுப்புவம்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. இரு பிள்ளை, விருப்பமான மட்டும் அங்கே இரு. நான் இனிக் கூப்பிட மாட்டேன்.

அம்மா


அகிதா
09.03.2025

அன்பான அம்மாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு நானே எழுதுகிறேன். கோபம் போகவில்லை. ஆனால் கதவு மணிக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அது என்னை விடுவதாயில்லை.

29ஆம் திகதி மத்தியானம் ஒன்று பத்துக்குப் பேர்லினில் இறங்குகிறேன். மூன்று கிழமை நிற்பேன். எல்லாக் கடிதத்தையும் ஒன்றாக இருந்து பார்ப்போம், சுஜானியின் சுமையைக் குறைக்க ஒரு வழி பார்ப்போம், பிறகு நான் என்ன செய்வதென்று யோசிப்போம். கத்த மாட்டேன். நீங்கள் அழலாம்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன், அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது, டொக்டர்களே அதிசயப்படுகிறார்கள் என்று. பிள்ளைகள் மேசையில் தட்டிக் கத்தினார்கள். ஹொரிகாவா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். இது என் பொய். நான் சுமக்கிறேன்.

24ஆம் திகதி எனக்குப் பிரியாவிடை. இந்த ஊரில் இருந்து தலை நிமிர்ந்து போக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கு நன்றி என்றுகூட ஒரு வரி எழுதிவிடாதீர்கள். ஒன்றுமே எழுதாதீர்கள், அம்மா.

29இல் சந்திப்போம்.

உங்கள் தேனு


நொய்கெல்ன்
11.05.2025

என் தேனுவுக்கு,

உன் கடிதம் பங்குனி பத்தொன்பதாம் திகதி வந்தது. அதற்குள் நான் அவர்களுக்குப் போட்ட கடிதம் போய்ப் பதின்மூன்று நாள். உனக்குப் போன் அடித்தேன், அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது. தபாற்கந்தோருக்கு ஓடிப்போய், எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் சொல்லிக் கெஞ்சினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனது போனதுதான் என்றாள்.

29ஆம் திகதி விமான நிலையத்துக்குப் போனேன். உனக்குக் குளிரும் என்று கோட்டும் கொண்டுபோனேன். ஒன்று பத்துக்கு வந்த ஆட்கள் எல்லோரும் போய் முடிந்தார்கள். பிறகு நாலு மணி விமானத்துக்கும் நின்றேன், ஆறு மணி விமானத்துக்கும் நின்றேன்.

போன கிழமை உன் தலைமையாசிரியரின் பதில் வந்தது. சுஜானி வாசித்தாள். "தாங்கள் நலமாக இருப்பது அறிந்து எல்லோரும் மகிழ்ச்சி அடைந்தோம். அவசரப்பட்டு முடிவெடுத்துத் தங்கள் மகளுக்குத் துன்பம் தந்தமைக்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறோம்" என்று இருக்கிறது. ஒரு சொல் ஏச்சு இல்லை. ஏசியிருக்கலாம். என் கடிதம் வந்த அடுத்த நாள் நீ உன் மேசையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்துவிட்டுப் போனாயாம். பிரியாவிடைக்கு வரவில்லையாம். எங்கே என்று அவர்களுக்கும் தெரியாதாம்.

உன் வீட்டுக்குப் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன. இதைப் பள்ளிக்கூடத்துக்கே, ஹொரிகாவா மாஸ்ரர் பெயருக்குப் போடுகிறேன். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வாசிக்க ஆள் வேண்டுமென்றால் அவர் உன்னைத் தேடத்தானே வேண்டும்.

வா என்று கேட்கவில்லை. மன்னி என்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் சொல்ல வேண்டாம். வெறும் கடதாசி ஒன்றை மடித்து உறையில் போட்டு அனுப்பு. மேலே என் விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும், பிள்ளை.

அம்மா