அண்ணன் கோட்டுப் பையில் என் ஓட்டு

ஏப்ரல் 27, புதன்

வந்துவிட்டது! கால்டவீக் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. டென்மார்க்கில் படிக்கிற ஐஸ்லாந்துக்காரர்கள் சொந்த ஊர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நான், ஸ்வாவா, இன்னும் ஊர்க்காரிதான். சமையலறையில் ஒரு குதி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார். தட்டட்டும்.

எனக்கு இது வெறும் ஓட்டில்லை. ஊரில் போட்டியிடுகிறவை எச், எல் என்று இரண்டே வேட்பாளர் பட்டியல்கள். எச் பட்டியல் ஜெயித்தால் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும். எல் பட்டியல் ஜெயித்தால் மலைமேட்டுக்கு அந்தப்புறத்து ஊரோடு கால்டவீக்கைச் சேர்த்துவிட்டுப் பள்ளிக்குப் பூட்டுப் போடுவார்கள். ஜூனில் ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு நான் போய் நிற்க வேண்டிய வகுப்பறை அதுதான். வேறெங்கும் எனக்கு வேலை கிடைக்காமல் இல்லை. வேறெங்கும் வேண்டாம், அவ்வளவே.

ஏப்ரல் 29, வெள்ளி

எல் பட்டியலில் மூன்றாவது பெயர் யாருடையது? என் அண்ணன் கெஸ்டூர். எங்கள் ஊரில் பெரியவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பட்டியலில் இருப்பார்கள், அதனால் ஆச்சரியமில்லை. கோபம் மட்டும்தான். போனில் கத்தினேன். அவன் கத்தவில்லை. தன் மகள் சல்காவைப் பற்றிச் சொன்னான்.

"பத்து வயசுப் பொண்ணுடி. அவ வயசுல ஊர்ல ஒரு புள்ள கிடையாது. ஆறு வயசு வாண்டுங்களோடவே எத்தனை நாள்தான் விளையாடுவா?"

இதெல்லாம் சாக்கு என்றேன். போனை வைத்துவிட்டான்.

மே 3, செவ்வாய்

ஓட்டுப் போடக் கிளம்பினால் கடை மூடியிருக்கிறது! வெளிநாட்டில் இருப்பவர்கள் தூதரிடம்தான் முன்கூட்டியே ஓட்டுப் போட வேண்டும். நான் படிக்கிற ஆர்ஹுஸில் எங்கள் கௌரவத் தூதர் பிரெபென் என்கிற டேனிஷ்காரர், பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கதவில் சீட்டு: ஒன்பதாம் தேதி வரை விடுமுறை. தேர்தல் பதினாலாம் தேதி. என்ன மனுஷன் இவர்? தேர்தல் சமயத்திலா வெயில் காயப் போவது?

மே 10, செவ்வாய்

போட்டுவிட்டேன்.

பழுப்பேறிய முகத்தோடு பிரெபென் கதவைத் திறந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில், பார்வை சோதிக்கும் நாற்காலிக்குப் பின்னால், ஒரு திரை. வெற்றுத் தாள் ஒன்றைத் தந்தார். அதில் ஒரே ஓர் எழுத்து எழுத வேண்டும், எச். இந்த ஓரெழுத்துக்காக ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. மடித்து, உறைக்குள் வைத்து ஒட்டி, அதை இன்னோர் உறையில் போட்டு, அவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்த விஷயம். கல்யாணம் நடத்திவைக்கிற பாதிரியார் மாதிரி எழுந்து நின்று விதியை வாசித்தார். ஓட்டை ஊருக்குக் கொண்டுசேர்ப்பது வாக்காளரின் சொந்தப் பொறுப்பு. எங்கள் நாட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? தபாலிலோ, போகிறவர் கையிலோ, எப்படியோ அனுப்ப வேண்டும். ஆனால் இனித் தபாலில் போட்டால் ஆட்டுக்குட்டிகள் வளர்ந்து மலையேறின பிறகுதான் போய்ச் சேரும்.

இந்த வாரம் ஊருக்குப் போகிறவர் யார்? விசாரித்துவிட்டேன். ஒரே ஓர் ஆள்தான். படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க டென்மார்க்குக்கு வந்திருக்கிறான், நாளைக்கு இங்கே வருகிறான்.

கெஸ்டூர். கடவுளே.

மே 11, புதன்

சாமான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான். அன்றைக்குப் போனில் போட்ட சண்டையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. பிறகு உறையை மேஜைமேல் வைத்தேன். பார்த்தவுடனே புரிந்துகொண்டான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"எனக்கு எதிரா போட்ட ஓட்டை நானே சுமந்துட்டுப் போகணுமா?"

"வேற ஆள் இருந்தா உன்கிட்டக் கெஞ்சுவேனா?"

"ஒண்ணு பண்ணலாம். நீயும் அனுப்பாத, நானும் போடல. உன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சு போச்சு. கணக்கு சரி."

கணக்கு சரிதான். ஆனாலும் மாட்டேன் என்றேன். ஒரு மாதம் காத்திருந்து எழுதிய எழுத்து அது. தோற்றாலும் எண்ணப்பட்டுத் தோற்கட்டும்.

உன் ஓட்டையும் இங்கேயே போட்டுவிடேன், கண்ணாடிக் கடை திறந்துதான் இருக்கிறது என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் போடுவதுதான் ஓட்டாம். அதுவும் பொய்யில்லை. தேர்தலன்று இரண்டு பட்டியல்காரர்களும் காபியும் கேக்கும் வைப்பார்கள், இவன் இரண்டு மேஜையிலும் கட்சி பார்க்காமல் தின்பான்.

உறையைக் கோட்டு உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். அதைப் பார்க்க எனக்கு எப்படியோ இருந்தது.

மே 13, வெள்ளி

தலைநகர் ரெய்க்யவீக்கில் இறங்கிவிட்டானாம். நாளை விடிந்ததும் காரில் ஊருக்கு. படிக்க உட்கார்ந்தேன், ஒரு வரி ஏறவில்லை.

மே 14, சனி

காலை. நானும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் தேர்தல் தேர்தல்தான். கேக் ஒன்றும் சுட்டேன்.

மதியம். மேட்டில் பனி. மே மாதம் பாதி ஆகிவிட்டது, இப்போதா பனி? பாதையை அடைத்துவிட்டார்களாம். கெஸ்டூர் போனை எடுக்கவில்லை. ஆறு மணிக்கு வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள்.

மறுபடி அடித்தேன். எடுக்கல. வேணும்னே எடுக்கலயா? சேச்சே. அண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல. ஆனா அவனும் மனுஷன்தானே —

மாலை. எடுத்தான்! காற்றின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மேட்டின் அடிவாரத்தில், பயணிகள் ஒதுங்கும் குடிசையில் இருக்கிறான். பனி தள்ளும் வண்டி ஒன்று கால்டவீக்குக்குக் கிளம்பியதாம். ஓட்டுநர் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை.

"நீ ஏறிட்டியா?" என்று கத்தினேன். எல் பட்டியல்காரன் சாவடிக்குப் போய்ச் சேர வேண்டுமென்று என்னைப் போல யாரும் இன்று வேண்டியிருக்க மாட்டார்கள்.

"யோருன் ஏறிட்டா. அவ ஆடெல்லாம் குட்டி போட்டுக்கிட்டிருக்கு. பட்டியில ஆள் இல்லடி."

யோருன் அக்கா தனியாக ஆட்டுப்பண்ணை நடத்துகிறவள். மருந்து வாங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாளாம். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பள்ளிக்கூடம் போச்சு, என் ஓட்டை உன் கோட்டுக்குள்ளேயே புதைச்சுட்ட, இதுக்காகத்தான் வாங்கிக்கிட்டியா — என்னென்னவோ சொன்னேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"முடிச்சிட்டியா? உன் கவரு அவ மடியில போகுது. நான்தான் போகல."

மே 15, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம்!

ஒரே ஓர் ஓட்டில்.

மூடுவதற்குச் சற்று முன்னால் யோருன் அக்கா சாணி பூசிய பூட்ஸோடு உள்ளே போய் உறையை மேஜையில் வைத்தாளாம். தன் ஓட்டையும் போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள். அவள் எந்தப் பட்டியல் என்று அவளுடைய ஆடுகளுக்குக்கூடத் தெரியாது.

கெஸ்டூரும் போய்ப் போட்டிருந்தால் சமம். உறையைத் தன்னிடமே வைத்திருந்தாலும் சமம். சமம் என்றால் சீட்டுக் குலுக்கல், யார் அதிர்ஷ்டமோ. இதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஊர் முழுவதும் கண்டுபிடித்திருக்கும். எல் பட்டியல்காரர்கள் அவன் முகத்தில் முழிப்பார்களா?

போன் செய்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கொடுக்காமல் விட்டிருந்தால் பனி மேல் பழியைப் போட்டிருக்கலாமே, யார் கேட்டிருப்பார்கள் என்றேன்.

"சல்கா கேட்டிருப்பா. அத்தை ஓட்டைக் கொண்டுவந்தியான்னு."

அவள் பெயரை அவன் வாயிலிருந்து கேட்டதும் என் சந்தோஷத்தில் ஒரு பக்கம் அப்படியே நின்றுவிட்டது. மிச்சப் பக்கம் இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். கேக்கில் பாதியைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, வியாழன்

என் வகுப்பறை! ஜன்னலைத் திறந்தால் கடல். எங்கள் நாட்டு வழக்கப்படி பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லி ஸ்வாவா என்று கூப்பிடுகிறார்கள், சல்கா மட்டும் மறந்துபோய் அத்தை என்கிறாள்.

இடைவேளையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டுகள் தாண்டிக் குதிப்பதற்காகக் கயிற்றின் ஒரு முனையைக் கதவில் கட்டி, மறுமுனையைச் சல்கா சுற்றினாள். மணி அடிக்கும்வரை சுற்றினாள். அவளுக்குச் சுற்றிவிட அங்கே யாருக்கும் உயரம் போதவில்லை.

சாக்கு என்றேனே அன்றைக்கு.

செப்டம்பர் 1, வியாழன்

ஊராட்சிக் கூட்டத்தில் பேசினேன். வெள்ளிதோறும் எங்கள் பிள்ளைகளை மேட்டுக்கு அந்தப்புறத்துப் பள்ளிக்கு அனுப்ப ஒரு பேருந்து வேண்டும் என்றேன். எச் பட்டியல்காரர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெயிக்கவைத்ததே நீ, இப்போது அவர்கள் பாட்டைப் பாடுகிறாயா என்றார்கள். ஆமாம், வெள்ளிக்கிழமை மட்டும் பாடுகிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 9, வெள்ளி

முதல் வெள்ளி. போகும்போது சல்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் நகத்தைக் கடித்தாள். திரும்பும்போது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, சனி ஞாயிறு இங்கே தங்குவதற்குப் பையோடு ஏறினாள். இரண்டும் கடைசி இருக்கைக்கு ஓடிவிட்டன. மேடு ஏறி இறங்கும்வரை வாய் மூடவில்லை.

நிறுத்தத்தில் கெஸ்டூர் காத்திருந்தான், மகளுடைய பையை வாங்கக் கையை நீட்டியபடி. இரண்டு பெண்களும் அவனைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடின.

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல," என்றான், பல்லெல்லாம் தெரிய.

பிறகு என் பையை வாங்கிக்கொண்டான். காபி குடிக்கப் போனோம்.