நான்கு நொடிக்குக் குறைந்தவை

மார்ச் 4, செவ்வாய்
ஒரே செல்போன் கோபுரத்தில் பேச்சும் வீடியோவும் இடத்துக்கு அடித்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு? இந்தக் கணக்குக்குத்தான் அக்ராவில் போன் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. மூன்று மாதமாகச் சூத்திரம் ஒரு பக்கம், நிஜம் ஒரு பக்கம். இன்று என் மேலாளர் குவார்ட்டி சார் வழி சொன்னார். "நாலு நொடிக்குக் குறைஞ்ச அழைப்பையெல்லாம் தூக்கிடு டெலா. எல்லாம் மிஸ்டு கால். காசு தராத குப்பை."

பதிவுகளில் பாதி அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். எங்கள் ஊர் மிஸ்டு காலில்தான் குடும்பம் நடத்துகிறது என்று அவருக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியாதா?

மார்ச் 7
மறைத்தேன். சூத்திரத்தின் வளைகோடு நிஜத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆபீசில் எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
கேட்டா, எங்கள் ஊர். தங்கை எனியோனாம் வீடு. அவளுக்கு ஒன்பதாம் மாதம். புருஷன் கடலில். போனில் ஒரு நிமிடம் பேசக்கூடக் காசு இருக்காது.

"வலி வந்தா மூணு மிஸ்டு கால் குடு. டாக்சிக்கு நான் சொல்லிடுறேன்" என்றேன்.

"எடுத்துத் தொலைச்சிடாதேக்கா, இருக்கிற காசும் போயிடும்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மக்காச்சோள மாவில் கிண்டிய அக்ப்லே இரண்டு உருண்டை கட்டிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 22
கேட்டா கோபுரங்களில் பேச்சுக்கு இருந்த இடத்தில் பாதியை வீடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேச்சுக்கு அவ்வளவு இடம் வேண்டாம் என்ற என் கணக்கை நம்பி.

மே 2
எனியோனாமின் குழந்தை இறந்துவிட்டது. ஆண் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டதாம்.

"பதினோரு தடவை அடிச்சேன்க்கா. எடுக்காதேன்னுதானே சொன்னேன். பாக்கக்கூடவா வேணாம்னு சொன்னேன்?"

என் போனில் ஒன்றுமே வரவில்லை. ஐயோ, சத்தியமா வரலடி.

மே 6
கோபுரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அவள் எண் பதினோரு முறை. பதினொன்றும் இடமில்லாமல் திருப்பப்பட்டவை. நீளம்: சுழியம் நொடி.

திருப்பப்பட்ட அழைப்பும் நான்கு நொடிக்குக் கீழேதானே வரும்? மிஸ்டு காலோடு சேர்த்து அதையும் அல்லவா தூக்கி எறிந்திருக்கிறேன்! படித்த கழுதை.

எதையும் நீக்காமல் மறுபடி கணக்குப் போட்டேன். கேட்டாவில் பத்தில் நான்கு அழைப்பு இடமில்லாமல் திருப்பப்பட்டிருக்கிறது. குவார்ட்டியிடம் நீட்டினேன். "நல்லாப் பொருந்தின கோட்டை ஏம்மா கெடுக்கிறே?" என்றார். அவரைத் தாண்டி மேலிடத்துக்கே எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மே 25, ஞாயிறு
பழைய இடத்தைப் பேச்சுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டாவுக்கு இப்போது லைன் உடனே கிடைக்கிறது. எனியோனாமை ஐந்து முறை கூப்பிட்டேன். ஐந்து முறையும் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை.